டீகோ கார்சியாவா, அந்தமானா? எம்எச் 370 பற்றி காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச் 370 பற்றி, காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது: "நம்ம போட்டுக்கே டிரான்ஸ்பாண்டர் மாட்டி உட்டுருக்காங்க, எங்க கீறோம்னு கரையில பாத்துக்கினு இருக்காங்க. அம்மாம் பெரிய ஏரோப்ளேன் எப்டிண்ணா காணாப் பூடும்? டீகோ கார்சியாவுல எறக்கிட்டான் அமெரிக்காகாரன்றாங்க, அந்தமான்றாங்க. உள்ள இருந்தவங்க போனு நாலு நாளு ரிங் போச்சாமே, எதுண்ணா நெசம்?"

டீகோ கார்சியா என்பது இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் தீவு. அவர் கேட்டதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. விமானம் எங்கே போனது என்பது ஒன்று, ஏன் போனது என்பது மற்றொன்று. எங்கே என்பதற்கு அளந்து எடுத்த எண்கள் கையில் இருக்கின்றன. ஏன் என்பதற்கு இன்றுவரை எதுவும் இல்லை. டீக்கடையில் ஓடும் கதைகள் பெரும்பாலும் ஏன் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குத் தோதான இடத்தைப் பிறகு தேடிக்கொள்கின்றன. அதனால் எங்கே என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

2014 மார்ச் 8. மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச் 370, ஒரு போயிங் 777, கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு நள்ளிரவு 12:42க்குக் கிளம்பியது. பயணிகள் 227, ஊழியர்கள் 12. (இனி வரும் நேரமெல்லாம் மலேசிய நேரம், நமக்கு இரண்டரை மணி முந்தியது.) 1:19க்கு விமானி கட்டுப்பாட்டு அறைக்கு 'குட் நைட்' சொன்னார். இரண்டு நிமிடம் கழித்து, மலேசிய வான்பரப்பு முடிந்து வியட்நாம் வான்பரப்பு தொடங்கும் இகாரி என்ற புள்ளியருகே விமானம் திரையிலிருந்து மறைந்தது.

மறைந்தது என்றால் என்ன? விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், கீழே இருக்கும் ரேடார் கேட்டால் "நான் இன்னார், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும் பெட்டி. விமானி அறையில் ஒரு திருகைத் திருப்பினால் அது வாயை மூடிக்கொள்ளும். இதை ஏன் விமானி அணைக்க முடிகிற மாதிரி வைத்தார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். மின்கருவி எதில் புகை வந்தாலும் அதற்குப் போகும் மின்சாரத்தை உடனே நிறுத்த வழி இருக்க வேண்டும், காரணம் அவ்வளவுதான். தரையிலிருந்து பார்க்கும் ரேடாருக்கும் எல்லை உண்டு: நல்ல உயரத்தில் பறக்கும் விமானத்தைச் சுமார் 200, 250 கடல் மைல் வரை பார்க்கும், அதைத் தாண்டினால் பூமியின் வளைவு மறைத்துவிடும். அன்றைக்கு நடுக்கடலில் போகும் விமானத்தை யாரும் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதுவே தன் இடத்தை அவ்வப்போது சொன்னால்தான் உண்டு.

டிரான்ஸ்பாண்டர் நின்றாலும், உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துப் பார்க்கும் ராணுவ ரேடாரில் விமானம் தெரிந்தது. வந்த வழியே திரும்பி மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி, பினாங்குக்குத் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போனது. 2:22க்கு அதுவும் விட்டுப்போனது. அந்த இடம் என் 571 என்ற வான்வழியின் மேல், அதாவது வங்கக் கடல் பக்கம் வரும் பாதையில் இருந்தது. அந்த மார்ச்சில் இந்தியக் கடற்படை அந்தமான் கடலிலும் வங்கக் கடலிலும் தேடியதற்குக் காரணம் இதுதான். அந்தமான் வதந்தி பிறந்ததும் இங்கேதான். அந்த நேரத்துக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான ஊகமும் இல்லை.

2:25க்கு நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. விமானத்தின் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி மறுபடி உயிர்பெற்று, "என்னை இணைத்துக்கொள்" என்று கேட்டது. இடையில் அதற்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு சுமார் ஒரு மணிக்கு ஒருமுறை தரைநிலையம் "இருக்கிறாயா?" என்று கேட்டது, கருவி "இருக்கிறேன்" என்றது: 3:41, 4:41, 5:41, 6:41, 8:10. நடுவில் 2:39க்கும் 7:13க்கும் தரையிலிருந்து போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. 8:19க்குக் கருவி தானாகவே மறுபடி இணைப்புக் கேட்டது. 9:15க்குக் கேட்டபோது பதில் இல்லை.

இந்தச் சிக்னலில் இடம் எதுவும் எழுதியிருக்காது. ஆனால் போய்வர எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. இன்மர்சாட் நிறுவனத்தின் அந்தச் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 64.5 டிகிரியில், கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். போய்வந்த நேரம் தெரிந்தால் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியும். திசை தெரியாது. அதனால் ஒவ்வொரு சிக்னலுக்கும் பூமிமேல் ஒரு வட்டம் கிடைக்கிறது, விமானம் அந்த வட்டத்தின் கோட்டில் எங்கோ இருந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் விமானம் தரையில் நின்றபோது பரிமாறிய சிக்னல்களை வைத்து அளவுகோலைச் சரிபார்த்தார்கள், அங்கே இடம் தெரியும் என்பதால். பிழை சுமார் 10 கி.மீ. கூடவோ குறையவோ இருக்கும், அவ்வளவுதான்.

கடைசி வட்டத்துக்கு ஏழாவது வளைவு என்று பேர். செயற்கைக்கோளுக்கு நேர் கீழே கடலில் ஒரு புள்ளி வைத்தால், அங்கிருந்து சுமார் 4,800 கி.மீ. தள்ளி அந்தக் கோடு ஓடுகிறது. இப்போது வதந்திகளை ஒவ்வொன்றாக இதன்மேல் வைத்துப் பாருங்கள். பூகோள வரைபடமும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் வீட்டிலேயே போடலாம்.

டீகோ கார்சியா அந்தப் புள்ளியிலிருந்து சுமார் 1,200 கி.மீ.தான். 8:19க்கு விமானம் அங்கே இருந்திருந்தால் வட்டம் கால்பங்காகச் சுருங்கியிருக்கும். அந்தமானின் போர்ட் பிளேர் சுமார் 3,400 கி.மீ., அதுவும் கோட்டில் இல்லை. வங்கதேசக் கடற்கரைக்குத் தெற்கே 190 கி.மீ.யில் உடைந்த பாகங்களைக் கண்டுபிடித்துவிட்டதாக 2014 ஏப்ரலில் ஒரு நிறுவனம் சொன்னது. அந்த இடம் சுமார் 3,700 கி.மீ. வருகிறது. வங்கதேசக் கடற்படை போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. நம்ம சென்னை சுமார் 2,300 கி.மீ. மாலத்தீவின் ஒரு தீவில் காலை 6:15க்கு தாழப் பறந்த பெரிய விமானத்தைப் பார்த்ததாக மக்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் மாலத்தீவு 6:15 என்றால் மலேசியாவில் 9:15. எரிபொருள் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

எரிபொருள் தீர்ந்தது எப்படித் தெரியும்? கிளம்பும்போது டாங்கியில் 49,100 கிலோ இருந்தது. 1:07க்கு வந்த கடைசித் தானியங்கித் தகவலில் மீதம் 43,800 கிலோ. அது எட்டு மணியைச் சுற்றித் தீர்ந்துபோகும் கணக்கு. 8:19க்குக் கருவி தானாக இணைப்புக் கேட்டது இதோடு அச்சாகப் பொருந்துகிறது: இரண்டு இன்ஜினும் நின்றால் மின்சாரம் போகும், வாலில் இருக்கும் சிறிய துணை இன்ஜின் குழாயில் மிச்சமிருக்கும் எரிபொருளை வைத்துத் தானாக ஓடத் தொடங்கும், மின்சாரம் திரும்பும், தொடர்புக் கருவி மறுபடி கண்விழிக்கும். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று, நான்கு நிமிடம் பிடிக்கும்.

வட்டம் என்றால் வடக்கேயும் போகும் அல்லவா? ஆமாம், விமானத்தைக் கஜகஸ்தானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற கதை அந்த வட பாதியில் பிறந்தது. அதைத் தள்ளியது இன்னொரு அளவு: சிக்னலின் அலைவரிசை எவ்வளவு விலகியிருந்தது என்பது. விமானம் நகர்வதால் அலைவரிசை மாறும், கருவி அதைத் தானே ஈடுகட்டும். ஆனால் ஈடுகட்டும்போது செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அது வயதான செயற்கைக்கோள், பாதை சற்றுச் சாய்ந்துபோய் தினமும் வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தது. இந்தச் சின்னக் கோளாறால் ஈடுகட்டலில் ஒரு மிச்சம் தங்கியது. வடக்கே போகும் விமானத்துக்கு ஒரு மாதிரி, தெற்கே போகும் விமானத்துக்கு வேறு மாதிரி. பதிவான எண்கள் தெற்கோடு பொருந்தின. செயற்கைக்கோள் புத்தம் புதிதாக, ஆடாமல் இருந்திருந்தால் இந்தத் துப்பே கிடைத்திருக்காது. மார்ச் 24 அன்று மலேசியப் பிரதமர் விமானம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று அறிவித்தது இந்தக் கணக்கின் பேரில்தான். கடைசி இரண்டு சிக்னலுக்கும் இடையே எட்டு நொடிதான். விமானம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்ததையும், அந்த வேகம் ஏறிக்கொண்டே போனதையும் அவை காட்டுகின்றன.

போன் ரிங் போன விஷயம் இதைவிடச் சுலபம். நீங்கள் டயல் செய்ததும் காதில் கேட்கும் 'ட்ரிங் ட்ரிங்' எதிராளியின் போனிலிருந்து வருவதில்லை, நெட்வொர்க் போடுகிற சத்தம். வெளிநாட்டு ரோமிங்கில் இருக்கும் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சில நெட்வொர்க்குகள் அதைப் போட்டுவிடும். கரைக்கு வெகு தூரத்தில் இருக்கும் படகுக்குப் போன் போட்டால் சில சமயம் இரண்டு ரிங் போய்க் கட்டாவது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதானே. ஒன்று மட்டும் உண்மை: 1:52க்குத் துணை விமானியின் கைப்பேசியைப் பினாங்கில் ஒரு டவர் பதிவு செய்தது. பேச்சு எதுவும் இல்லை, போன் டவரை எட்டியது அவ்வளவே. விமானம் அப்போது பினாங்கு பக்கம் இருந்தது என்ற ரேடார் கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

கணக்கை நம்பாதவர்களுக்கு உடைந்த பாகங்கள். 2015 ஜூலை 29 அன்று ஆப்பிரிக்கா பக்கம் இருக்கும் ரீயூனியன் தீவில் இறக்கையின் பின்விளிம்புப் பாகம் ஒன்று கரை ஒதுங்கியது. உள்ளே இருந்த எண்களை வைத்து அது இந்த விமானத்துடையதுதான் என்று பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். பிறகு தான்சானியாவின் பெம்பா தீவு, மொரிஷியஸ், மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் என்று வரிசையாகப் பாகங்கள் வந்தன. தெண்டியா வன்னியா என்று நீரோட்டம் பார்த்து வலை விடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே விழுந்த பொருளை அங்கே சுற்றும் பெருநீரோட்டம் மேலே கொண்டுவந்து மேற்கே, ஆப்பிரிக்கா பக்கம் தள்ளும், பதினாறு மாதம் அதற்குச் சரியான காலம். ரீயூனியன் துண்டில் கொட்டலசு (கடலில் கிடக்கும் பொருளில் ஒட்டி வளரும், ஓடுள்ள சிறு உயிர்) மொய்த்திருந்தது. அதன் மேலோட்டை ஆய்ந்தால் எந்த வெப்பமுள்ள தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்ல முடியும், அதையும் செய்து பார்த்தார்கள். பெம்பாவில் கிடைத்த இறக்கை மடல், உடையும் நேரத்தில் உள்ளே மடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் கண்டார்கள். தண்ணீரில் பதமாக இறக்கப் பார்க்கும் விமானி அதை நீட்டி வைத்திருப்பார்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஏழாவது வளைவு ஒரு கோடு. எந்த வேகத்தில், எந்தத் திசையில் பறந்தது என்பதைப் பொறுத்து அந்தக் கோட்டில் ஆயிரம் கி.மீ.க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்டைத் தொட்ட பிறகு நேராக விழுந்ததா, கொஞ்சம் மிதந்து போனதா என்பதைப் பொறுத்து அகலமும் கூடும். முதல் தேடல் 2017 ஜனவரியில் நின்றபோது 1,20,000 சதுர கி.மீ. கடலடியைப் பார்த்து முடித்திருந்தார்கள், ஏறக்குறைய தமிழ்நாடு அளவு. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் தானியங்கி நீர்மூழ்கிகளை விட்டு இன்னொரு 1,12,000 சதுர கி.மீ. பார்த்தது. ஆழம் 4,000 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். கீழே சமவெளி இல்லை; மலை, பள்ளத்தாக்கு, செங்குத்துச் சரிவு. கப்பலுக்குப் பின்னால் பல கி.மீ. நீளக் கேபிளில், ஒலியை அனுப்பிக் கடலடியைப் பார்க்கும் சோனார் கருவியைக் கட்டி, தரைக்கு 100 மீட்டர் மேலே இழுத்துக்கொண்டு போவார்கள். 2016 ஜனவரியில் அது கடலடியில் 2,200 மீட்டர் உயரச் சேற்று எரிமலை ஒன்றில் மோதி கேபிள் அறுந்தது, பிறகு மீட்டார்கள். மலைக்குப் பின்னால் சோனாருக்கு நிழல் விழும், அந்த நிழலில் விமானமே கிடந்தாலும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டு கிடைத்தன, விமானம் கிடைக்கவில்லை.

நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு நம் கடலோரத்தில் விழுந்தது. கறுப்புப் பெட்டியோடு இருந்த பீக்கனின் (தண்ணீருக்குள் ஒலி எழுப்பி இடம் காட்டும் கருவி) ஒலியைச் சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது, ஒரு மாதத்தில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியை எடுத்தார்கள். அடுத்த வருஷம், 2016 ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு போன விமானப்படையின் ஏஎன் 32 காணாமல் போனது. கடைசியாக எங்கே இருந்தது என்று ரேடாரில் தெரியும், இருந்தும் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து சுமார் 310 கி.மீ. தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடப்பதாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். கண்டது பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி. இடம் தெரிந்த விமானத்துக்கே ஏழரை வருஷம் ஆனது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447க்கு, சில நாளிலேயே மிதக்கும் பாகங்கள் கிடைத்தும், கடலடியில் விமானத்தின் உடற்பகுதியைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. எம்எச் 370இன் பீக்கன்களுக்கு பேட்டரி 30 நாள்தான், கேட்கும் தூரம் இரண்டு மூன்று கி.மீ. அதிலும் விமானத் தகவல் பதிவுக் கருவியோடு இருந்த பீக்கனின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி.

இனி ஏன் என்பது. 2018 ஜூலையில் வந்த மலேசிய அரசின் இறுதி அறிக்கை 495 பக்கம். இகாரி அருகே திரும்பியது தானியங்கி விமானியால் அல்ல, கையால் திருப்பியதாகவே இருக்க வேண்டும் என்கிறது, மூன்றாம் நபரின் தலையீட்டை விலக்க முடியாது என்கிறது, காரணம் தெரியவில்லை என்று முடிக்கிறது. தலைமை விமானி வீட்டில் வைத்திருந்த, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் தென் இந்தியப் பெருங்கடலின் புள்ளிகள் இருந்தது உண்மை. அவருடைய பணத்திலும் நடத்தையிலும் உடல்நிலையிலும் சந்தேகப்பட எதுவும் காணவில்லை என்பதும் உண்மை. சரக்கில் 221 கிலோ லித்தியம் பேட்டரி இருந்தது, ஆனால் தீப்பிடித்த விமானம் அதன் பிறகு ஏறக்குறைய ஏழு மணி நேரம் பறந்து எரிபொருள் தீரும்வரை போவது கஷ்டம். காற்றழுத்தம் போய் எல்லாரும் மயங்கினார்கள் என்றால் கடைசி நேரத்துக்குப் பொருந்தும், முதல் ஒரு மணி நேரத்துத் திருப்பங்களுக்குப் பொருந்தாது. என் கணிப்பில், முதல் ஒரு மணி நேரம் யாரோ ஓட்டினார்கள், கடைசியில் யாரும் ஓட்டவில்லை. அந்த யாரோ யார் என்று பேர் சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை. இறந்தவர் மேல் கொலைப் பழி போடும் வீடியோக்களை நான் மதிப்பதில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாளைக்கே கறுப்புப் பெட்டி கிடைத்தாலும் விமானி அறைப் பேச்சைப் பதியும் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் வைத்திருக்கும், பழையதன் மேல் புதியது பதிந்துகொண்டே போகும். இகாரியில் பேசியது அழிந்துபோயிருக்கும். தகவல் பதிவுக் கருவியில் 25 மணி நேரம் இருக்கும், எந்த சுவிட்ச் எப்போது மாறியது என்பது அதில்தான் தெரிய வேண்டும். இதனால்தான் புதிதாகத் தயாராகும் பெரிய விமானங்களில் பேச்சுப் பதிவையும் 25 மணியாக்கினார்கள். பீக்கன் பேட்டரி 90 நாள் ஆனது. 2018 நவம்பரிலிருந்து கடலுக்கு மேலே விமானம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்ல வேண்டும். தேடலும் 2018ஓடு நிற்கவில்லை: 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது, புதிதாக 15,000 சதுர கி.மீ., கண்டுபிடித்தால் மட்டும் 7 கோடி டாலர். கடல் கொந்தளிப்பால் ஏப்ரலில் நிறுத்தி, டிசம்பர் கடைசியில் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தார்கள்.

அதன் துண்டு நம்ம பக்கம் வருமா என்றும் கேட்பார்கள். தென்கோளத்து நீரோட்டம் பூமத்திய ரேகையைத் தாண்டி வங்கக் கடலுக்குள் கொண்டுவந்து விடுவது மிக அரிது. பழவேற்காடு, எண்ணூர் பக்கம் வலையில் உலோகத் தகடோ தேன்கூடு மாதிரி அறையறையாக இருக்கும் தகடோ மாட்டினால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டின் பாகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவானாலும் சுரண்டாதீர்கள், கழுவாதீர்கள், கொட்டலசைப் பிய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் எண் தகட்டையும் அச்சிட்ட எழுத்தையும் போட்டோ எடுங்கள். ஜிபிஎஸ்ஸில் இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உருளையோ மூடிய டாங்கியோ என்றால் தொடாமல் வலையை அறுத்து விடுவது நல்லது, உள்ளே விஷ எரிபொருள் இருக்கலாம். கடலில் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கரைக்கு வந்துவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால் அதோடு எண் தகடும் போய்விடும்.